அவன் பங்கையும் எனக்கே கொடுத்தான்

அறுபத்தைந்து கிலோ கபடியில் ஆட வேண்டுமென்றால் தராசில் அறுபத்தைந்துக்குள் நிற்க வேண்டும். நான் சும்மா இருந்தால் அறுபத்தெட்டு. அந்த மூன்று கிலோவை இறக்குவதுதான் எங்களுக்குச் சனிக்கிழமை வேலை.

காலையிலிருந்து சோறு கிடையாது. மத்தியானத்துக்கு மேல் தண்ணீரும் கிடையாது. ஏலக்காய்த் தோட்டத்தில் மழைக்குப் போர்த்திக்கொள்ளும் பிளாஸ்டிக் தாளை உடம்பில் சுற்றி, அதற்கு மேல் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு, கம்பத்திலிருந்து சுருளிப்பட்டிக்குப் போகும் ரோட்டில் ஏழெட்டுப் பேர் ஓடுவோம். திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிப்பவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். "ஏலே, யாரு வீட்டு மூட்டடா ஓடிப் போகுது, புடிச்சுக் கட்டுங்க" என்பார் ஒருத்தர். பதில் சொல்ல வாயில் ஈரம் இருக்காது. இருக்கிற ஈரத்தையும் வைத்துக்கொள்ளக் கூடாது. புளியங்காயைக் கடித்து, ஊறுகிற எச்சிலைத் துப்பிக்கொண்டே ஓடுவோம். அதில் நூறு கிராமாவது போகும் என்று நம்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எடை. மண்டியில் திராட்சைப் பெட்டி நிறுக்கிற தராசைத் தூக்கிவந்து மைதானத்து ஓரத்தில் வைத்திருப்பார்கள். ஜட்டியோடு ஏறி நிற்க வேண்டும். கமிட்டிக்காரர் எண்ணைச் சத்தமாக வாசிப்பார். உள்ளே வந்துவிட்டால் மணிக்கட்டில் ரப்பர் ஸ்டாம்பு குத்துவார். அதற்குப் பிறகு ஒரு ஆட்டைத் தின்றாலும் கேட்பாரில்லை. மற்ற டீம்காரர்கள் பொட்டலத்தைப் பிரித்து இட்லி தின்பார்கள். எங்கள் டீமில் முதலில் டின்.

டின் என்றால் எனர்ஜி டிரிங்க். பேக்கரி ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் வரிசையாக நிற்குமே, அதுதான். இருமல் மருந்தில் ஜவ்வு மிட்டாயைக் கரைத்த மாதிரி ருசி. காப்பியில் இருக்கிற அதே சரக்கு, அளவுதான் கூட என்று எங்கள் கேப்டன் சொல்வான். ஒரு பகலும் ஓர் இரவும் காய்ந்த வயிற்றில் அதை ஊற்றினால் கால் மணி நேரத்தில் காது சூடாகும். கை விரல்கள் தானாக ஆடும். எதிரே நிற்கிறவன் மெதுவாக நகர்கிற மாதிரி தெரியும். பசி என்ற ஒன்று இருந்ததே மறந்துபோகும். இட்லியை அப்புறம் தின்னலாம் என்று வைப்போம். பெரும்பாலும் தின்ன மாட்டோம், ஆட்டத்துக்குக் கூப்பிட்டுவிடுவார்கள்.

நான் ஆண்டிபட்டிப் பக்கம். ஒன்பதாவது பாதியில் நின்றேன். போர்வெல் லாரியில் இரண்டு வருஷம் ஆந்திரா, கர்நாடகா என்று சுற்றினேன். டின்னை முதலில் குடித்தது அங்கேதான். தூங்கி விழுந்தால் துளை போடுகிற கம்பிகளுக்கு இடையில் கை போய்விடும், ஒருத்தனுக்கு இரண்டு விரல் போனதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிறகு குமுளிக்கு மேலே ஏலத்தோட்டம். பிறகு கம்பத்தில் வாழைத்தார் லோடு. அதுவரை எந்த ஊரிலும் ஒரு வருஷத்தைத் தாண்டி இருந்ததில்லை. இருக்கப் பிடிக்காது, அவ்வளவுதான், வேறு காரணம் கிடையாது. கபடி மட்டும் போன ஊருக்கெல்லாம் கூட வந்தது. அதற்குச் சாமான் எதுவும் தேவையில்லை.

மண்டிக்குப் பின்னால் சாயங்காலத்தில் லோடுமேன்கள் ஆடுகிற இடத்தில்தான் கேப்டன் என்னைப் பார்த்தான். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவன், அதற்கென்று படித்தவன். என்னைவிட மூன்று வயது மூப்பு. ஆட்டம் முடிந்ததும் வந்தான்.

"எந்த ஊருடா பங்காளி?"

"ஆண்டிபட்டிப் பக்கம்."

"அதான் காஞ்ச கட்ட மாதிரி இருக்க. இங்கன எத்தன நாளு இருப்ப?"

"தெரியல."

"இரு. படுக்க எடம் நான் தாரேன்."

மருந்துக் கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள் அடுக்கிய அறை. குளுக்கோஸ் பெட்டிகளுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பாய் அகலம் இடம். அங்கே இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தேன். என் கணக்கில் அது பெரிய காலம். அவனால்தான் இருந்தேன். எனக்கு வருகிற பேங்க் மெசேஜை அவன்தான் வாசித்துச் சொல்வான். இங்கிலீஷ் எழுத்தை நான் கூட்டிப் படித்துவிடுவேன், அர்த்தம் தெரியாது. கையால் எழுதியிருந்தால் கூட்டவும் வராது. அதற்காக அவன் ஒரு நாளும் என்னைக் கேலி செய்ததில்லை.

நான் பாடிப் போகிறவன், எதிரணிக்குள் மூச்சுப் பிடித்துப் போய்த் தொட்டுவிட்டு வருகிற வேலை. அவன் இடது மூலையில் நின்று பிடிக்கிறவன். ஒரு கணுக்காலைப் பிடித்தானென்றால் விடுவித்துக்கொண்டு போனவன் கிடையாது. டின் ஆளுக்கு ஒன்றுதான் வரும், எங்களுக்குச் சட்டை எடுத்துக்கொடுத்த பேக்கரிக்காரர் அனுப்புவது. எடை முடிந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்ததும் கேப்டன் எல்லாருக்கும் எடுத்துக் கொடுப்பான். கடைசியில் தன்னுடையதைத் திறந்து என் கையில் திணிப்பான்.

"எனக்கெதுக்குடா, நான் மூலையில நிக்கிற தூணு. நீதான் மூச்சுப் புடிக்கணும்."

மற்றவர்கள் கத்துவார்கள். "பாத்தியா, கட்டிக்கிட்ட பொண்டாட்டிக்குக்கூட இப்படிக் குடுக்க மாட்டான்." அவன் சிரிப்பான். நானும் சிரிப்பேன். எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள். அவரவர் தட்டு அவரவருக்கு, அடுத்தவன் தட்டிலிருந்து என் தட்டுக்கு ஒரு அப்பளம் வந்ததில்லை. ஒருத்தன் தன் பங்கை எடுத்து எனக்குக் கொடுப்பதை அந்த மரத்தடியில்தான் பார்த்தேன். அந்த இரண்டாவது டின்னை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடிப்பேன். பிடித்துக் குடித்தேனா என்று கேட்டால் இல்லை. அவன் கொடுத்தான் என்று குடித்தேன்.

முதல் தடவை வந்தது போடியில். ஆட்டம் ஜெயித்துவிட்டோம். உட்கார்ந்து முழங்கால் பட்டையை அவிழ்க்கிறேன், நெஞ்சு சொன்னபடி கேட்கவில்லை. காற்று வாங்கிய பம்புசெட் மாதிரி நான்கு அடி வேகமாக அடிக்கும், ஒரு அடி விட்டுவிடும், பிறகு சேர்த்து அடிக்கும். கண்ணுக்கு முன்னால் மைதானம் மஞ்சளாகப் போனது. விழவில்லை. கேப்டன் மறுநாள் காலையில் கம்பத்தில் ஒரு தனியார் டாக்டரிடம் கூட்டிப்போனான். மார்பில் பசை தடவி, வயர்களை ஒட்டி, ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நர்சம்மா வயர்களைப் பிடுங்கி, பசையைத் துடைத்துக்கொள்ளச் சொல்லிப் பஞ்சு கொடுத்தார். அதற்குள் உள்ளேயிருந்து "கூட வந்தவுக யாரு?" என்று கூப்பிட்டார்கள். கேப்டன் போனான். நான் சட்டையை மாட்டிக்கொண்டு பெஞ்சுக்கு வருவதற்குள் அவன் சீட்டோடு வெளியே வந்துவிட்டான்.

"என்னவாம்?"

"கேஸு. வெறும் வயித்துல கெடந்தா கேஸு ஏறி நெஞ்ச முட்டும்."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"எண்ணப் பலகாரம் திங்காதன்னு சொன்னாரு. ரெண்டு மாத்தர எழுதியிருக்காரு, கடையில இருக்கு, நான் தாரேன்."

அப்புறம் அந்தச் சீட்டை என்னிடமே கொடுத்தான். "வச்சுக்க, எதுக்காச்சும் ஆகும்." செல்போன் உறைக்குள் மடித்து வைத்தேன். மூன்று வாரம் நான் வடையைத் தொடவில்லை. போண்டாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மூன்று வாரத்தில் இரண்டு ஆட்டத்துக்குப் போனோம். இரண்டு தடவையும் பட்டினி, இரண்டு தடவையும் அவன் டின் எனக்கு. மாத்திரையும் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, மறக்காமல் எடுத்துக் கொடுத்தான்.

அந்தச் சமயத்தில் அவன் மனசு முழுக்க ஒரே விஷயம்தான் இருந்தது. கம்பத்தில் நடக்கப்போகிற ஆட்டத்தைப் பார்க்க ஒரு கம்பெனி டீம்காரர்கள் வருவதாகப் பேச்சு. எடுத்துக்கொண்டால் வேலையும் தருவார்கள், ஆடவும் விடுவார்கள். மூலையில் நிற்க ஒரு ஆள் தேடுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவனுக்கு இருபத்தேழு முடியப்போகிறது. அரையிறுதி வரைக்கும் போனால்தான் அவர்கள் கண்ணில் பதிகிற அளவுக்கு நாங்கள் ஆட முடியும். நான் பாடிப் போகாமல் எங்கள் டீம் அரையிறுதிக்குப் போகாது. இது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ போனால் எனக்குச் சந்தோஷம்தான் என்று நான் அவனிடம் சொல்லியும் இருக்கிறேன். பொய் சொல்லவில்லை.

கம்பம் ஆட்டத்துக்கு முந்தின ஞாயிறு ஆண்டிபட்டியில் ஆட்டம். என் பக்கத்து ஊர்க்காரர்கள் கயிற்றுக்கு வெளியே நிறையப் பேர் நின்றார்கள். உச்சி வெயில். அங்கே மண் செம்மண்ணும் சரளையும், காலில் பட்டாலே சுடும். மூன்றாவது தடவை பாடிப் போனேன். கோட்டைத் தாண்டி இரண்டு எட்டு வைத்ததும் நெஞ்சு நின்ற மாதிரி இருந்தது. பிறகு மொத்தமாகச் சேர்த்து அடித்தது. முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். நான் தந்திரம் பண்ணுகிறேன் என்று எதிரணி நினைத்துவிட்டது. ஏழு பேரும் என் மேல் விழுந்தார்கள். விசில் சத்தம் கேட்டது. அவர்களுக்கு ஒரு புள்ளி. அவர்கள் எழுந்த பிறகும் நான் எழவில்லை.

தேனி பெரிய ஆஸ்பத்திரியில் கண் தெளிந்தேன். கேப்டன் அங்கே இல்லை. என்னைத் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, மிச்ச ஆட்டத்தை முடிக்க நின்றுவிட்டான் என்று கூட வந்த பையன் சொன்னான். அதில் தப்பில்லை, நானாக இருந்தாலும் நின்றிருப்பேன். இரவு டியூட்டி முடித்துப் போகிற நேரத்தில், காலையில், ஒரு டாக்டரம்மா என் கட்டிலுக்கு வந்தார். சின்ன வயசு. பழைய சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். செல்போன் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாசித்தார். முகம் மாறியது.

"இத வச்சுக்கிட்டு வெளையாடப் போனியா?"

"கேஸுதானேம்மா."

"எங்க எழுதியிருக்கு கேஸுன்னு?"

அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகச் சொன்னார். இதயத் துடிப்பு ஒழுங்காக இல்லை. எனர்ஜி டிரிங்கும் காப்பியும் அடியோடு நிறுத்த வேண்டும். எக்கோ எடுத்துப் பார்க்கிற வரை எந்த விளையாட்டும் கூடாது. பட்டினி கிடக்கக் கூடாது. நிறுத்த வேண்டும் என்பதற்குக் கீழே அந்த டாக்டர் இரண்டு கோடு போட்டிருந்தார். கோடு எனக்கும் தெரிந்தது. மூன்று வாரமாக என் செல்போன் உறைக்குள் அந்தக் கோடுகள் இருந்திருக்கின்றன.

"இத யாரு ஒனக்குப் படிச்சுச் சொன்னது?"

"எங்க கேப்டன்."

"அவருக்கு இங்கிலீஷ் சரியாத் தெரியாதா?"

"மருந்துக் கடையில வேல பாக்குறான்மா."

டாக்டரம்மா அதற்குப் பிறகு திட்டவில்லை. சீட்டை மடித்து என் கையில் வைத்துவிட்டு, இனிமேல் நீ டாக்டரிடம் நேராகக் கேட்டுக்கொள் என்று மெதுவாகச் சொன்னார். போகும்போது அந்தப் பழைய மாத்திரை எது என்று கேட்டார். பாதி தீர்ந்த அட்டை என் பேன்ட் பையில் இருந்தது. பார்த்துவிட்டு, சரியான மாத்திரைதான், நிறுத்தாதே என்றார்.

அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. அவன் படிக்கத் தெரியாமல் தப்பாகச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். சீட்டில் எழுதியிருந்த மாத்திரையைச் சரியாக எடுத்து, சரியான வேளைக்கு, சரியான அளவில் கொடுத்திருக்கிறான். ஒரு வரியை விடாமல் படித்திருக்கிறான். காலையில் நெஞ்சுக்கு மாத்திரை கொடுத்த கைதான் பத்து மணிக்கு மரத்தடியில் டின்னைத் திறந்து கொடுத்தது. அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு இன்னொன்றையும் யோசித்தேன். இந்த இரண்டு வருஷத்தில் அவன் ஒரு டின்னைக் குடித்து நான் பார்த்திருக்கிறேனா? பார்க்கவில்லை. போடிக்கு முன்னாலும் பார்க்கவில்லை. மருந்து விற்கிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. சீட்டைக் கிழித்துப் போட்டிருக்கலாம், அதைக்கூடச் செய்யவில்லை. நான் படிக்க மாட்டேன் என்று அவ்வளவு நம்பிக்கை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தான். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "என்னடா பங்காளி, ஊர்க்காரவுக முன்னாடி மானத்த வாங்கிட்டியே" என்றான். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். நான் சீட்டை எடுத்து அவனிடம் நீட்டினேன்.

"படி."

"எதுக்கு இப்ப?"

"ஒங் கடைக்கு வர்ற ஆளுக்குப் படிச்சுச் சொல்லுவேல்ல, அந்த மாதிரி சொல்லு."

அவன் சீட்டை வாங்கவில்லை. ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தான். தோலை ஒரே சுருளாக எடுத்தான், அவனுக்கு விரல் அப்படி. பிறகு தலையைத் தூக்காமல் பேசினான்.

"சொல்லியிருந்தா நீ நின்னுருப்பியா?"

"தெரியல."

"நின்னுருக்க மாட்ட. எனக்குத் தெரியும். எனக்காக ஆடியிருப்ப."

அதில் உண்மை இருந்தது. கேட்டிருந்தால் ஆடியிருப்பேன். டின்னைத் தொடாமல், நெஞ்சைப் பிடித்துக்கொண்டாவது ஆடியிருப்பேன். ஆனால் அது நான் கொடுப்பது. என்னிடம் கேட்காமல் எடுத்துவிட்டு, எப்படியும் கொடுத்திருப்பாய் என்று சொல்கிறான். "நீ ஏண்டா குடிக்கல?" என்று மட்டும் கேட்டேன்.

"எது?"

"டின்னு."

பக்கத்துக் கட்டில்காரர் எங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார். "எனக்கு ஒத்துக்காது" என்றான் கடைசியில். உரித்த சுளைகளைத் தட்டில் வைத்தான். எழுந்து நின்று, வாசல் வரை போய், திரும்பி வந்தான்.

"பேரு குடுத்தாச்சுடா. ஆதார் நகலெல்லாம் கமிட்டிக்குப் போயிருச்சு. ஞாயித்துக்கெழம எடைக்கு மட்டும் வந்து நில்லு. ஆட வேணாம். வெளிய ஒக்காந்திரு. நீ இருக்கேன்னு தெரிஞ்சாலே எதிர்ல நிக்கிறவன் யோசிப்பான்."

"எடைக்கு நிக்கணும்னா பட்டினி கெடக்கணுமே."

"ஒரு நாளு தானடா."

அவன் போன பிறகு ஆரஞ்சுச் சுளைகளைப் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்தேன். அவர் தின்றுகொண்டே, "கூடப் பொறந்தவரா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

வெள்ளிக்கிழமை என்னை அனுப்பிவிட்டார்கள். எக்கோவில் பெரிதாகக் கோளாறு எதுவும் இல்லை, இரண்டு மாதம் ஓடாதே, அந்தச் சனியனை வாயில் வைக்காதே, அப்புறம் வந்து காட்டு என்றார்கள். கேட்டுக் கேட்டு நானே தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன். ஆண்டிபட்டிக்குப் போக மனசில்லை. தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போர்வெல் வண்டியில் பழகின ஒருத்தனின் அறையில் தங்கினேன். சனிக்கிழமை விடிந்ததும் உடம்பு தன் பழக்கத்துக்குச் சோறு வேண்டாம் என்று சொன்னது. வாய் காய்ந்து புளியங்காயைத் தேடியது. கடைக்குப் போய் உட்கார்ந்தேன். பொங்கல் தின்றேன். மத்தியானம் அளவுச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லி இரண்டு தடவை சோறு வாங்கினேன். சாயங்காலம் ஐந்து புரோட்டா. தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தேன். வெறுப்பில் தின்றேன் என்று சொல்ல முடியாது. நிஜமாகவே பசித்தது. எத்தனையோ சனிக்கிழமைப் பசி.

ஞாயிறு காலையில் கம்பத்துக்கு பஸ் ஏறினேன். என் பையும் துணிகளும் அந்த மருந்துக்கடை அறையில் இருந்தன, சாவி அவனிடம். மைதானத்துக்குப் போனால்தான் ஆளைப் பிடிக்க முடியும். மைக்கில் ஊர் ஊராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் ஆறு பேர் தராசுக்குப் பக்கத்தில் காய்ந்த உதட்டோடு நின்றார்கள். என்னைப் பார்த்ததும் அவர்கள் முகத்தில் வந்த வெளிச்சத்தைத்தான் தாங்க முடியவில்லை. ஒருத்தன் ஓடிவந்து தோளைப் பிடித்தான். "கேஸு தானாமேடா, கேப்டன் சொன்னாப்ல. பயந்தே போனோம்."

கேப்டன் இரண்டு எட்டு தள்ளி நின்றான். கம்பெனி டீம்காரர்கள் இரண்டு பேர் வெள்ளைச் சட்டையில் பந்தலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் பார்வை அடிக்கடி அங்கே போய் வந்தது.

"வந்துட்டேல்ல" என்றான். "ஏறு."

சாவியைக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கமிட்டிக்காரர் என் பெயரை வாசித்துவிட்டார். பின்னால் வரிசை நின்றது. சட்டையைக் கழற்றினேன். பேன்ட்டைக் கழற்றினேன். ஏறி நின்றேன். சிவப்பு எண்கள் கொஞ்ச நேரம் ஓடி நின்றன. கமிட்டிக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். அறுபத்தொன்பது, நானூறு. பிறகு கேப்டனைப் பார்த்து, "தம்பி வேற ஆளு இருந்தா நிப்பாட்டுங்க" என்றார்.

கேப்டன் என் வயிற்றைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான்.

"சாப்ட்டியா?"

"ம்."

"எதுக்குடா?"

"பசிச்சுச்சு" என்றேன்.

தராசிலிருந்து இறங்கி, பேன்ட்டை மாட்டிக்கொண்டு, எங்கள் ஆட்கள் ஆறு பேருக்கும் கேட்கிற மாதிரி சாவியைக் கேட்டேன். கொடுத்தான். அறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு, சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுக் குமுளி ஜீப்பில் ஏறினேன். ஜீப் மைதானத்தைத் தாண்டும்போது எங்கள் டீமின் பெயரை மைக்கில் கூப்பிட்டார்கள். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "ஆட்டம் நல்லாருக்கும் போல" என்றார். இருக்கும் என்றேன்.